முந்துகிற கை

"சாயங்காலம் பாட்டு கிளாஸ்ல மூணாம் காலம் வந்தா ஓடாதேங்கோ. பசங்களும் உங்க பின்னாடியே ஓடறதுகள்" என்றாள் ராஜலக்ஷ்மி.

காய்கறிப் பையை உதறிக்கொண்டிருந்த வீரராகவன் சிரித்தார். "நான் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ் ஆசாமி. எங்க ரயில்தான் லேட்டா வரது, பாட்டாவது முன்னாடி வரட்டுமே."

கல்கத்தாவின் கரியாஹாட் சந்தைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவர், கடைக்காரனிடம் பையை நீட்டியபடியே சரிந்தார்; எழுந்திருக்கவே இல்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் அது.

ராஜலக்ஷ்மிக்கு அவர்மேல் பொறாமை இருந்தது. புருஷன்மேல் பொறாமையா என்று யாராவது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். வருஷக்கணக்காகக் குருவின் எதிரில் தனியாக உட்கார்ந்து கற்ற பாட்டு அவளுடையது. அவருக்கோ சரளி வரிசைக்கு மேல் ஒன்றும் தெரியாது.

ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கிய முதல் நாள், தான் கற்றபடியே ஒவ்வொருவராகப் பாடச்சொல்லித் திருத்தினாள். மேக்னாவின் ரிஷபம் சரியாவதற்குள் அஷ்வத் ஜமக்காளத்தில் பாதி நூலை உருவிவிட்டான். இரண்டு பேர் வராந்தாவில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள்.

பேப்பரும் கையுமாக உள்ளேயிருந்து வந்த வீரராகவன் வரிசையின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "உன் தொடையில தட்டாதேடா. பக்கத்துல இருக்கறவா கையில தாளம் போடு. தப்பினா அவாளே திட்டுவா."

ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் தட்ட, வரிசை முழுக்க ஒரே குரலாகப் பாடியது.

அன்றிலிருந்து அவர் காக்கு, அதாவது சித்தப்பா; அவள் மிஸ். காக்கு எங்கே என்று வங்காளியில் கேட்டுக்கொண்டேதான் பிள்ளைகள் செருப்பைக் கழற்றுவார்கள். துர்கா பூஜைக்கு வரும் சந்தேஷ் இனிப்புப் பெட்டியும் அவர் கைக்குத்தான் போகும். வேகம் கூடின மூன்றாம் காலத்தில் மட்டும் அவர் கை தாளத்தை முந்தும். அதை எல்லார் எதிரிலும் சொல்லிக்காட்டுவாள். அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

காரியமெல்லாம் முடிந்து மறுபடி வகுப்பு வைத்தபோது, வரிசைக் கடைசியில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள் மேக்னா.

"தள்ளி உட்காரு."

"அது காக்கு இடம், மிஸ்."

அழுகைக்கு முன்னால் பழைய எரிச்சல்தான் வந்தது. போன பிறகும் வகுப்பு அவருடையதா?

சுருதிப் பெட்டியைப் போட்டாள். முதல் காலம் சரியாக வந்தது, இரண்டாவதும். மூன்றாவதில் இரண்டாம் வரியில் எல்லாக் கைகளும் முந்தின. அவர் கை முந்தும் அதே இடம். இப்போது திருத்திவிடலாம், நடுவே சிரித்துக் கெடுக்க ஆள் இல்லை. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அவளுடையதாகிவிடும். விரலை உயர்த்தினாள்.

பாட்டு நின்றது. "ஓடிட்டோமா மிஸ்?" என்றான் அஷ்வத்.

உயர்த்திய விரலை மடக்கிக்கொண்டாள்.

"பாடுங்கோ" என்றாள்.

மேக்னா, அஷ்வத் எல்லாரும் அப்பாக்களின் மாற்றலோடு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். பழைய பிள்ளைகளின் பக்கத்தில் புதிய பிள்ளைகள் கை நீட்டி உட்கார்ந்து, பிறகு அவர்களும் பழையவர்கள் ஆனார்கள். வீரராகவனைப் பார்த்தவர்கள் இப்போது வரிசையில் ஒருவரும் இல்லை. மூன்றாம் காலத்தில், இரண்டாம் வரியில், எல்லாக் கைகளும் முந்துகின்றன.