இருபத்திரண்டாவது நிமிஷம்

ஒன்பது வயதில் பிள்ளைகள் ஓடியாடும்; கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். கிரியின் டெஸ்க்டாப்புக்கு வயது ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விளையாட்டைப் போட்டால் இருபது நிமிஷம் சமர்த்தாக ஓடும். இருபத்திரண்டாவது நிமிஷம் வாக்கில் பெட்டிக்குள் விசிறி ஊளையிடத் தொடங்கும். அப்புறம் திரையில் அவனுடைய ஆள் நடக்கமாட்டான். இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் என்று விட்டு விட்டுத் தெரிவான். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், மரம் மாதிரி நின்றுவிடுவான்.

நாற்பத்து நான்கு வயதில், ஐதராபாத் செர்லபள்ளியில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கும் மனுஷனுக்கு விளையாட்டு நின்றால் என்ன, ஓடினால் என்ன என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் கிரிக்கு மகள் தாரிணி கிடைப்பது. ரோகிணியும் அவனும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. ரோகிணி பெண்ணோடு திருச்சிக்குப் போய்விட்டாள். கிரி ஏ.எஸ்.ராவ் நகர் ஃப்ளாட்டிலேயே இருந்துவிட்டான். ஞாயிறு பத்திலிருந்து பதினொன்று வரை அப்பாவுக்கு என்று பேச்சு.

முதலில் வீடியோ காலில்தான் பேசினார்கள். பேசினார்கள் என்பது பெரிய வார்த்தை. "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "ஸ்கூல் எப்படி?" என்றால் "ம்". பக்கத்தில் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பத்து வயசுப் பெண் வேறு என்ன சொல்லும்? இங்கே இருந்தவரைக்கும் காலனிப் பிள்ளைகளைப் பார்த்து அவனைத் தெலுங்கில் "நான்னா" என்று கூப்பிட்டவள், திருச்சி போன ஆறாம் மாதம் "அப்பா" ஆக்கினாள். அது தமிழ்தானே, அதற்கெல்லாமா வருத்தப்படுவார்கள்? கிரி வருத்தப்பட்டான்.

பிறகுதான் அந்த விளையாட்டு வந்தது. அவரவர் வீட்டிலிருந்து பேசிக்கொண்டே, சேர்ந்து கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு. அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா காதில் எதுவும் விழாது. ஆற்றங்கரையில் வீடு கட்டியபடி டீச்சர் புடவை, பக்கத்து வீட்டு நாய், கணக்கில் வாங்கிய பன்னிரண்டு மார்க் எல்லாவற்றையும் கொட்டுவாள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. கம்பெனி லேப்டாப்பில் விளையாட்டு ஏறாது. ஆக, அவனுக்கு இருந்த ஒரே வழி இந்தக் கிழட்டு டெஸ்க்டாப்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, வழக்கம் போல அவனுடைய ஆள் மரமானான். மைக்கும் செத்துவிட்டது. ஆனால் அவள் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது.

"அப்பாகிட்ட... எப்படி... பாவம்... ரொம்ப நாளா... சொன்னா அழு..."

மெஷினுக்கு உயிர் வந்ததும் கிரி முதல் வேலையாகக் கேட்டான். "என்னடா சொன்ன? நடுவுல கேக்கல."

"ஒண்ணுமில்லையே" என்றாள் தாரிணி, பளிச்சென்று.

அடுத்த வாரமும் இதே கதை. அவன் உறைந்து நிற்கும்போதெல்லாம் அவள் என்னவோ சொல்கிறாள். அவனுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்கிறாள். அதில் நாலில் ஒரு வார்த்தைதான் இவனுக்கு வந்து சேர்கிறது. ரோகிணிக்கு மறுபடி கல்யாணமா? ஸ்கூலில் யாராவது தொல்லை செய்கிறார்களா? உடம்புக்கு ஏதாவதா? ரோகிணிக்கே போன் போட்டான். "நல்லாத்தான் இருக்கா. ஏன் கேக்கறீங்க?" என்றாள் அவள். குழந்தை ரகசியமாகச் சொன்னதை அவளிடம் போட்டு உடைக்க முடியுமா? "சும்மாதான்" என்று வைத்துவிட்டான்.

அந்த மீதி மூன்று வார்த்தைகளையும் கேட்டாக வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு ஓடவில்லை.

முதலில் படத்தின் தரத்தைக் குறைத்தான். ஆற்றில் தண்ணீர் போய் நீலத் தகடு வந்தது. மரங்கள் கொழுக்கட்டை ஆயின. இருபத்திரண்டாவது நிமிஷம் இருபத்து நாலாவது நிமிஷமாயிற்று, அவ்வளவுதான். அடுத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ஐதராபாத்தில் ஏப்ரல் மாதம் வீட்டுக்கு வீடு ஏர்கூலர் ஓடும். மனிதனைக் குளிர வைப்பது மெஷினைக் குளிர வைக்காதா என்று தண்ணீரை நிரப்பி, கூலரை இழுத்து வந்து திறந்த பெட்டிக்கு நேரே வைத்தான். படித்தவன் செய்கிற காரியமா இது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து, அன்றைய ஞாயிறே போய்விட்டது. பாக்கி முப்பத்தைந்து நிமிஷமும் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மாலை முகமது யூசுப்பைக் கூட்டிவந்தான். ராதிகா சௌரஸ்தா என்கிற நாற்சந்திப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். ஆம்பூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த ஊர்; தமிழில் ஐதராபாத் உருது கலக்கும். வந்ததும் கூலரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கிரியையும் ஒரு தரம் பார்த்தார்.

"நக்கோ சார், வேணாம். ஈரக் காத்து போய் உள்ள ஒக்காந்துச்சுன்னா எல்லாம் துருதான். கைக்கு சார், எதுக்கு உங்களுக்கு இந்த வேலை? ஒரு போன் பண்ணா நான் வரமாட்டேனா?"

"சரி பண்ண முடியுமா பாய்?"

"ஹவ், ஹவ், முடியும். பாக்கலாம் இருங்க."

விசிறியைக் கழற்றினார். அதன் அடியில் இருந்த தகடுகளுக்கு இடையே ஒன்பது வருஷத்துத் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. இத்தனை நாள் காற்று எந்த வழியாகப் போயிற்றோ. சிப்பின் மேல் தடவியிருந்த பசை விபூதியாகக் காய்ந்து உதிர்ந்தது. யூசுப் அந்தத் தூசியை முழுசாக உரித்து எடுத்தார். அதில் பொடிப் பொடியாக ரோஸ் நிற ஜிகினா மின்னியது. இரண்டாம் வகுப்பில் தாரிணி இதே மேசையில் உட்கார்ந்து வாழ்த்து அட்டைகளுக்கெல்லாம் ஒட்டித் தள்ளிய ஜிகினா. கிரி கையை நீட்டுவதற்குள் யூசுப் அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டு, ப்ளோயரால் மீதியையும் ஊதிவிட்டார். குப்பையை எடுத்துக் கொடுங்கள் என்று ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

புதுப் பசை தடவி, புது விசிறி மாட்டி, ஒரு மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டுக் காட்டினார். தொண்ணூற்றைந்து டிகிரியில் நின்று கொதித்த சூடு அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓடியது.

"இனிமே எவ்வளவு நேரம் வேணுமோ ஆடுங்க சார். நிக்கவே நிக்காது" என்றார் யூசுப்.

அந்த ஞாயிறு கிரி ஒன்பதே முக்காலுக்கே குளித்துவிட்டு உட்கார்ந்தான். பத்துக்குத் தாரிணி வந்தாள். இருவரும் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடத் தொடங்கினார்கள். அவள் பலகை வைக்க, அவன் ஆணி அடிக்க, பேச்சு வெயிலைப் பற்றியும் பரீட்சை லீவைப் பற்றியும் போனது. இருபத்திரண்டாவது நிமிஷம் வந்தது. போனது. முப்பதும் ஆயிற்று. படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. தாரிணியின் பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

"அப்பா, இன்னிக்கு உனக்கு ஹேங்கே ஆகலையே?"

"ரிப்பேர் பண்ணிட்டேன்டா. இனிமே ஆகாது."

"ஓ" என்றாள்.

ஒரு பலகையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் வைத்தாள். கிரி தானாகக் கேட்க நினைத்து, கேட்டால் அவள் ஆமை மாதிரி ஓட்டுக்குள் போய்விடுவாள் என்று பயந்து சும்மா இருந்தான்.

"அப்பா, கொஞ்ச நேரம் ஹேங் ஆன மாதிரி நிக்கிறியா?"

"எதுக்குடா?"

"நில்லேன். பேசக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

கிரி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். திரையில் அவனுடைய ஆள் பாலத்தின் நடுவில் நின்றான். அவளுடைய ஆள் எதிரே வந்து நின்றது.

"அப்பா, என்னை ஸ்கூல்ல பேட்மிண்டன் டீம்ல எடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையிலதான் பிராக்டிஸ். அப்பாகிட்ட வேற நேரம் கேட்டுக்கலாம்னு அம்மா சொன்னா. நான்தான் வேணாம்னேன்."

நிறுத்தினாள். கிரிக்கு அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"எனக்கு இந்த கேம் போர் அடிச்சிடுச்சுப்பா. ரொம்ப நாளா. என் ஃப்ரெண்ட்ஸ் யாருமே இப்ப இதை விளையாடறதில்ல. நீ பாவம், உனக்கு இது மட்டும்தானே இருக்குன்னு விளையாடினேன். சொன்னா நீ அழுவியோன்னு பயம். அதான் நீ ஹேங் ஆகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துப்பேன். போன்ல பேசறேம்பா. தினம் வேணும்னாலும் பேசறேன்."

ரோகிணியின் கல்யாணத்துக்கு ஒரு பதில், ஸ்கூல் தொல்லைக்கு ஒரு பதில், காய்ச்சல் தலைவலிக்கு ஒரு பதில் என்று மூன்று வாரமாக மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தான். இது அந்தப் பட்டியலிலேயே இல்லை. கோபப்பட ஆள் கிடைத்தாலாவது தேவலாம். குழந்தை வளர்ந்ததற்கு யார் மேல் கோபப்படுவது? போனில் என்ன பேசுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"சரி, இப்ப நீ சரியாயிட்ட" என்றாள் தாரிணி. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒரு பொய் போதும் என்று கிரிக்குத் தோன்றியது. நிஜமாகவே ஹேங் ஆகிவிட்டதுடா, ஒன்றும் கேட்கவில்லை என்றால் முடிந்தது. இன்னொரு தரம் சொல்லும் தைரியம் அவளுக்கு லேசில் வராது. இன்னும் நாலு ஞாயிறு கிடைக்கும். பள்ளி திறக்கும் வரைக்கும்கூட ஓட்டலாம்.

"தாரு, நடுவுல..." என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

"கேட்டுச்சுடா" என்றான். "எல்லாம் கேட்டுச்சு."

"அழறியா?"

"இல்லம்மா. டீம்ல எடுத்தது நல்ல விஷயம்தானே? பேட் இருக்கா? நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பட்டா?"

"அம்மா போன வாரமே வாங்கிட்டாப்பா."

"சரி" என்றான்.

பதினொன்றாக இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. "பாலத்தை முடிச்சிடலாம்பா" என்றாள். அவன் கீபோர்டில் கை வைத்தான். ஒவ்வொரு பலகையாக அவள் வைக்க, அவன் ஆணி அடித்தான். எங்கேயும் எதுவும் நிற்கவில்லை, ஒரு நொடிகூடத் தடங்கல் இல்லை. அவள் பழையபடியே சிரித்துச் சிரித்துப் பேசி விளையாடினாள். அவளுக்குப் போரடிக்கிறது என்பது இப்போது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.