ஐஸ் கொம்பனிக்கு மாப்பிள்ளை விசாரிப்பு

கரம்பொனில் மாப்பிள்ளை விசாரிக்க இலட்சுமிப்பிள்ளையை விட்டால் ஆளில்லை. அவர் தலையாட்டினால் தாலிக்குப் பொன் உருக்கலாம். உதட்டைப் பிதுக்கினால் சாதகம் வந்த வழியே திரும்பிவிடும். அப்படிப்பட்டவர் எண்பத்து நாலாம் ஆண்டு ஒரு கொம்பனியை விசாரிக்கப் புறப்பட்டார்.

ஊர்காவற்றுறையில் யாக்கோப்பு என்பவர் ஐஸ் கொம்பனி தொடங்கிப் பங்கு விற்றுக்கொண்டிருந்தார். இலட்சுமிப்பிள்ளையின் புருஷன், ரயில்வேயில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஆழ்வாப்பிள்ளைக்குப் பங்குதாரராக வேண்டும் என்று ஒரே ஆசை. கையிலிருந்ததோ ஒழுகும் கூரைக்கென்று ஒதுக்கிய காசு மட்டும். அது போனால் புருஷனும் பெண்சாதியும் மாரி முழுக்கச் சட்டி ஏந்த வேண்டியதுதான்.

ஆழ்வாப்பிள்ளை தொழிலை ஆராய்ந்தார். ஒரு கிழமை குடையோடு துறையில் நின்று, அனலைதீவு, எழுவைதீவு வள்ளங்களில் எவ்வளவு மீன் பழுதாகி வருகிறது என்று கொப்பியில் எழுதினார். கடைசியில், "ஐஸ் தேவை. ஆனால் கடலுக்குத் தடை வந்தால் கொம்பனி படுத்துவிடும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டார். சண்டையால் மீன்பிடிக்கத் தடை வரப்போகிறது என்று ஊரெல்லாம் கதை.

இலட்சுமிப்பிள்ளை கொப்பியைத் தொடவேயில்லை. யாக்கோப்போடு கோபித்து வேலையை விட்ட அருளப்புவைத் தேடிப் போனார்.

"கோவிச்சுக்கொண்டு போனவனே அந்தாளைப் பற்றி ஒரு கூடாத சொல் சொல்லேல்லை. ஆள் நல்லவர்," என்றார் திரும்பி வந்து.

"தொழில் ஆபத்தெல்லோ, இஞ்சரும்!"

"எங்கடை அப்புவும் உப்பிடித்தான், பெடியனுக்குத் தொழிலே இல்லையெண்டு உங்கடை சாதகத்தைத் திருப்ப நிண்டவர். நான்தான் ஆளை விசாரிச்சு ஓம் எண்டனான்."

பாதிக் காசுக்குப் பங்கு வாங்கினார்கள். மீதியில் கூரையின் மேற்குப் பக்கத்துக்குப் புது ஓடு போட்டார்கள்.

அடுத்த வருஷம் தடை வந்தது, கொம்பனி படுத்தது. மாரியில் கிழக்குப் பக்கம் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கொப்பியை எடுத்துக் காட்ட ஆழ்வாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. அவ்வளவு ஆசை அந்தப் பெண்சாதியில்.

ஒருநாள் மழையில் நனைந்தபடி யாக்கோப்பு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மெசினை வித்துப்போட்டன் அண்ணை. உங்கடை காசிலை முக்கால்வாசிதான் தர ஏலும். என்ரை பங்கை நான் எடுக்கேல்லை."

அவர் போனபின், ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"அப்ப என்னை ஆரிட்டை விசாரிச்சனீர்?"

"உங்களோடை கோவிச்சுக்கொண்டு போனவரிட்டைத்தான். மார்க்கண்டு அண்ணையிட்டை."

மார்க்கண்டு அவருடைய தமையன். வேலிச் சண்டையில் முறைத்துக்கொண்டு, சாகும்வரை தம்பியின் முகம் பார்க்காதவர்.

"என்ன சொன்னவர்?"

"'என்ரை தம்பியைப்போல ஒருத்தன் கிடைக்கமாட்டான் பிள்ளை. நான் சொன்னதெண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதை' எண்டவர். சொல்லுறேல்லை எண்டு வாக்குக் குடுத்தனான்."

ஆழ்வாப்பிள்ளை துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூரை ஒழுகுகிறது என்றார். அவர் நின்றது புது ஓடு போட்ட மேற்குப் பக்கத்தில்.