கால்வேனியர் விலக்கிய பெயர்

கால்வேனியர் குலத்தில் இனி ஒருவருக்கும் தெக்கிமுஸ் என்ற பெயர் இருக்கக் கூடாது என்று தீர்மானமாகிவிட்டது. ரோமுக்கு அரசனாக ஆசைப்பட்டான் என்று தெக்கிமுஸ் கால்வேனியுஸைப் பாறை உச்சியிலிருந்து தள்ளிக் கொன்றிருந்தார்கள். கூடத்து அலமாரியில், இறந்த முன்னோர்களின் மெழுகில் வார்த்த முகங்களுக்கு நடுவே அவனுக்கென்று விட்டிருந்த இடத்தையும் பலகை அடித்து மூடினார்கள்.

அவன் மனைவி ஹெரென்னியாவுக்கு அழக்கூட நேரமில்லை. நான்கு வயது மகனுக்கும் அதே பெயர்.

குலத்துக்குத் தலைவர், இறந்தவனின் அண்ணன் நுமேரியுஸ். அவர் கறாராகச் சொன்னார்:

"பையன் பேரு இனிமே பூப்ளியுஸ். எட்டாம் நாள் எல்லாரும் கூடுவோம். அலமாரியில இருக்கிற முன்னோருங்க முகத்துக்கு முன்னாடி அவனே சொல்லணும். பழைய பேரு வந்துச்சோ, அவன் நம்ம பிள்ளை இல்ல. கப்பல்ல ஏத்தி எங்கயாவது அனுப்பிடுவேன்."

"நாலு வயசுக் குழந்தை, அத்தான்."

"அதான் நல்லது. சீக்கிரம் மறந்துடுவான்."

அன்றே ஹெரென்னியா மகனைப் பழக்க ஆரம்பித்தாள்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"தெக்கிமுஸ்."

கன்னத்தில் ஓர் அறை. அவன் வீறிட்டதும் அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள். "அப்படிச் சொல்லக் கூடாது. பூப்ளியுஸ். சொல்லு."

மூன்றாம் நாள், அவள் கை அசைந்தாலே முகத்தை மூடிக்கொண்டான். ஆறாம் நாள் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொன்னான்.

எட்டாம் நாள் அலமாரிக் கதவுகள் திறந்திருந்தன.

"பேரு என்ன?" என்றார் நுமேரியுஸ்.

"பூப்ளியுஸ் கால்வேனியுஸ்."

"பேரை மாத்திட்டீங்க, அப்பன் மூக்கு அப்படியே இருக்கே!" என்று சிரித்தான் பங்காளி செக்ஸ்துஸ். பிறகு பையனின் முதுகுப் பக்கம் போய் நின்று குழைந்தான். "டேய் தெக்கிமுஸ்! இங்க பாரு, தேன் ரொட்டி!"

குழந்தை எச்சில் விழுங்கினான். திரும்பவில்லை.

நுமேரியுஸ் அவனைத் தூக்கிக்கொண்டார். "நம்ம பிள்ளைதான்."

அறைக்குள் வந்ததும் ஹெரென்னியா கதவைத் தாழிட்டு, மகனைக் கட்டிக்கொண்டாள். எட்டு நாளாக அடக்கியது அவன் காதோரம் வெடித்தது. "தெக்கிமுஸ்... என் தெக்கிமுஸ்..."

குழந்தை விலகி அவள் முகத்தைப் பார்த்தான். பிஞ்சுக் கையை ஓங்கி, கன்னத்தில் ஓர் அறை வைத்தான்.

"அப்படிச் சொல்லக் கூடாது."

பிறகு, அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தான்.