குலவைக்கு எரிந்த விளக்குகள்

கோம்பையில் முளைப்பாரி அன்று கிழக்குத் தெருப் பெண்களுக்கும் மேற்குத் தெருப் பெண்களுக்கும் குலவைப் போட்டி; எந்தத் தெருவின் சத்தம் பெரிசோ அதற்கே ஜெயம். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துத்தான் குலவையிடுவார்கள். போன வருஷம் வந்த ரேடியோ செட்டுக்காரரின் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அந்தக் குலவையில் எரிந்துபோனது. அதை ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

இந்த வருஷம் ராயப்பன்பட்டி பிரின்சி செட்டுப் போட்டாள். செட்டு அவள் அப்பாவுடையது; மிக்ஸரில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அவள். "ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் எரிஞ்சாலும் இனி மிக்ஸர் பக்கம் வரக்கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவள் தம்பி தை மாதம் ஒன்றை எரித்தபோது புதுசு வாங்கிக் கொடுத்த அதே அப்பா. உத்தமபாளையத்தில் அவளும் நானும் ஒன்றாக இயற்பியல் படித்தோம். இரண்டு வீட்டிலும் நாங்கள்தான் முதல் டிகிரி. கேபிள் இழுக்க ஆள் வேண்டும் என்றாள், போயிருந்தேன்.

மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் கம்ப்ரஸரை மாட்டினாள். குரல் ஓர் அளவைத் தாண்டினால் தாண்டிய பங்கை மட்டும் அது அமுக்கும்; மெல்லிய குரலைத் தொடாது. கிழக்குத் தெரு குலவையிட்டது. பாக்ஸ் கணீரென்று ஒலித்தது, கரகரப்பே இல்லை. அடுத்து மேற்குத் தெருப் பஞ்சம்மாள். பக்கத்தில் நின்ற எனக்குக் காதடைத்துவிட்டது. ஆனால் தீர்ப்புச் சொல்லவேண்டிய கோயில் கமிட்டிக்காரர்கள் தெருமுனையில் பாக்ஸுக்கு முன்னால் நின்றார்கள். அங்கே இரண்டு தெருவும் ஒரே சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது.

மேற்குத் தெரு கர்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏத்தா, எங்க பொம்பளைக தொண்டைய அமுக்கிப்புட்டியே! கிழக்குத் தெருவுல பணியாரம் தின்னியோ?"

"ரெண்டு தெருவுலயும் தின்னேண்ணே. இது ஆளு பாத்து அமுக்காது."

"அப்ப அந்தப் பொட்டியக் கழட்டு. திரும்பப் போடட்டும்."

"கழட்டுனா பாக்ஸ் போயிரும்."

"போகட்டும்! போன வருஷம் போகலையா? பொட்டப்புள்ளைய மிக்ஸர்ல உக்கார வச்சா இப்படித்தான்."

கூட்டம் சேர்ந்துகொண்டது. ஒருத்தன் ஒயரிலேயே கை வைத்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிரின்சி நாற்காலியை விட்டு எழவே இல்லை. "அண்ணே, இங்கன வாங்க" என்று கம்ப்ரஸரின் முகப்பில் இருந்த விளக்கு வரிசையைக் காட்டினாள். "எம்புட்டு அமுக்குதுன்னு இது சொல்லும். கத்தக் கத்த விளக்கும் கூட எரியும். பாக்ஸக் கேக்காதீக, இதப் பாருங்க. ரெண்டு தெருவும் இன்னொருக்கப் போடட்டும்."

அந்த விளக்குகளை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு வைத்ததையே நடுவராக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது, அதுவும் அத்தனை பேர் மேலே விழுந்து கத்தும்போது.

கமிட்டி மொத்தமும் மேசைமேல் குனிந்தது. கிழக்குத் தெருவுக்கு வரிசையில் பாதி எரிந்தது. பஞ்சம்மாள் மூச்சை இழுத்துக் குலவையிட்டதும் கடைசி விளக்குவரை ஏறி நின்றது.

"பாத்தீகளா! கடைசி வரைக்கும்!" கர்ணன் குதித்தார். கிழக்குத் தெருக்காரர்கள் நம்பாமல் மறுபடியும் போடச் சொன்னார்கள். மறுபடியும் அதே கதைதான்.

பிரின்சி போய் ஒவ்வொரு பாக்ஸாக முகர்ந்து பார்த்தாள். கருகிய வாடை இல்லை.

"அடுத்த வருஷமும் இந்தப் பொட்டியக் கொண்டாந்துருத்தா" என்றார் கர்ணன்.

"பொட்டி தனியா வராதுண்ணே. நான் வந்தாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டாள்: "ஒரு பாக்ஸும் எரியலப்பா. அடுத்த வருஷத்துக்கும் என்னயக் கூப்புடுறாக."