டாக்டர் சொன்ன இன்னொரு பாதி

துறைமுகத்தில் இருபது வருடமாகக் கிரேன் ஓட்டுபவர் அவர். காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தரையில் கால் படும். மலத்தில் இரத்தம் வந்தபோது மூலம்தான் என்று மூன்று மாதம் களிம்பிலேயே காலத்தை ஓட்டினார். மனைவிதான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். குழாய் விட்டுப் பார்த்ததில் மலக்குடலின் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. நியூரோஎண்டோக்ரைன் கட்டி என்றார்கள். பெரும்பாலும் மெதுவாக வளரும் புற்றுநோய். குழாய் வழியாகவே எடுத்தும்விட்டார்கள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று மனைவிக்குப் பள்ளியில் தேர்வு வேலை. தனியாகப் போனார்.

"வெட்டின ஓரத்துல இன்னும் மிச்சம் இருக்கு. நிணநீர்க் குழாய்க்குள்ளயும் போயிருக்கு," என்றார் அறுவை மருத்துவர். "ஆசனவாய் வழியா அந்த இடத்தை மட்டும் ஆழமா வெட்டி எடுக்கலாம். நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஆனா சுத்தியிருக்கிற நிணநீர் முடிச்செல்லாம் அப்படியே இருக்கும், அதுல நோய் பரவியிருந்தா தங்கிடும். இல்லன்னா மலக்குடலையே முடிச்சுகளோட எடுக்கணும். கட்டி ரொம்பக் கீழ இருந்ததால, மலம் போக வயித்துல பை வைக்கணும். ஆயுசுக்கும். நான் சொல்றது ரெண்டாவதைத்தான்."

"பையோட கிரேன் ஏற விடுவாங்களா?"

"அதை உங்க கம்பெனிதான் சொல்லணும்."

அவர் கம்பெனியைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "சின்ன ஆபரேஷன் போதுமாம்," என்றார்.

"அப்பாடா, வயித்துல பாலை வார்த்தீங்க," என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரம் மறுபடி கிரேனில் ஏறிவிட்டார். பதினோரு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எடுத்த ஸ்கேனில் முடிச்சுகள் வீங்கியிருந்தன. கல்லீரலில் இரண்டு புள்ளிகள். இந்த முறை மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

மருத்துவர் பழைய தாள்களைப் புரட்டினார். "பெரிய ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு அப்பவே சொன்னேனே."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வராந்தாவில்தான் வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். கையைக் காலைப் பிடிச்சாவது பண்ண வச்சிருப்பேன்."

"அதனாலதான்."

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

மலக்குடலை எடுத்தார்கள். பை வந்தது, வேலை போனது. கல்லீரலுக்கு மாதம் ஒரு ஊசி. பை மாற்ற அவள்தான் கற்றுக்கொண்டாள். தோலைத் துடைத்து, அளந்து வெட்டி, ஒட்டுவாள். "திரும்புங்க", "மூச்சை இழுங்க" என்பதைத் தவிர ஒரு சொல் கிடையாது. அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். ஒரு காலை, ஒட்டிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"அப்பவே பண்ணிட்டு, பையோட வீட்லயே கிடந்திருந்தாலும் எனக்குப் போதுமே," என்றாள்.

அவள் ஒட்டி முடித்துவிட்டு கை கழுவப் போனாள்.