பழுப்புத் தண்ணீர்

"பயந்தால் உனக்கு நிறம் போகுமோ?" என்று எலேனா அக்கா ஒருமுறை கேட்டார்.

சுவிஸில், டீட்டிகோனில் அவருடைய வளர்ப்பு மீன் கடைக்கு நான் வேலை பழகிப் பார்க்கப் போன முதல் நாள் அது. "இதுகளுக்குப் போகும்," என்று ஒரு தொட்டியைக் காட்டினார். நகத்தளவு டெட்ரா மீன்கள், தணல் நிறம். கண்ணாடிக்கு முன்னால் கையை வீசினார். எல்லாம் வெளிறிப்போய் ஒரு மூலையில் ஒதுங்கின.

பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாம் ஆண்டைப் பாதியில் விட்டது அதனால்தான். எலேனா அக்காவுக்கு அது தெரியும். அவர் மன்னார்க்காரர், ஞாயிறு பூசையில் அம்மாவுக்குப் பழக்கம். பன்னிரண்டு மீன்களைத் தந்து ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"ஒண்டும் சாகாமல் வைச்சிருந்தியெண்டால் ஓகஸ்டில உன்னைப் பயிற்சிக்கு எடுக்கிறன். மீனோட கதைக்கத் தேவையில்லைத்தானே."

மூன்று வருடப் பயிற்சி, முடிவில் ஒரு சான்றிதழ். வேறு எந்த நேர்முகத்திலும் என் வாய் திறக்கவில்லை.

அந்த மீன்கள் பிரேசிலில் ஒரு சிற்றாற்றில் பிடித்தவை. மரங்கள் மூடிய ஆறு. இலைகள் விழுந்து ஊறி, தண்ணீர் தேயிலைச் சாயமாக இருக்குமாம். எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும்; இந்த மீன்களுக்கு அது ஆகாது. அதனால் பல்கனியில் மழைத்தண்ணீர் பிடித்தேன். லிம்மாத் ஆற்றங்கரையில் காய்ந்த ஓக் இலைகளைப் பொறுக்கி அவித்துத் தொட்டியில் போட்டேன். ஒரு கிழமையில் தண்ணீர் பழுப்பேறியது, மீன்கள் சிவந்தன. இரண்டு ஆண் மீன்கள் ஓர் இலைக்காகச் சண்டையும் பிடித்தன.

அம்மா அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவர். பழுப்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது. தொடவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. வீட்டிலும் எனக்கு அவ்வளவுதான் பேச்சு.

மாத முடிவில் எலேனா அக்கா பார்க்க வருகிற சனிக்கிழமை, நான் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தொட்டி புதுக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று இருந்தது. இலைகளைக் காணவில்லை. மழைத்தண்ணீர் வாளியும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஊர்ச்சனம் வரேக்க ஊத்தைத் தண்ணியோ வைச்சிருக்கிறது?" என்றார் அம்மா, கையைத் துடைத்தபடி. முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். மீன்கள் அடியில் நிறமில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

எலேனா அக்கா மணியடித்தபோது ஐந்து மிதந்தன. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணியை ஆர் மாத்தினது?"

அம்மா தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றார். சிரிப்பு மெல்ல இறங்கியது. "அது, எலேனா..." என்று தொடங்கினார்.

"நான்தான் அக்கா," என்றேன். யார் கேட்ட கேள்விக்கும் நான் அவ்வளவு கெதியாகப் பதில் சொன்னதில்லை.

"இலையையும் நீயோ எடுத்தனி?"

"ஓம்."

எலேனா அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்தார்.

மீன்களைத் திருப்பிக் கொண்டுபோக அவர் கடைத் தண்ணீரோடு ஒரு மூடிவாளி கொண்டுவந்திருந்தார். மிஞ்சிய ஏழையும் வலையால் ஒவ்வொன்றாக எடுத்து அதில் விட்டார். அம்மா தேநீரை நீட்டினார். எலேனா அக்கா கோப்பையை வாங்கி, குடிக்காமல் தொட்டியருகே வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். என்னுடைய ஓகஸ்டும் அதோடு போனது.