மேட்டுப் பக்கத்துக் குழி

எஸ்தர் விடியற்காலையில் போய்விட்டாள். வாந்திபேதி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த அந்த வருஷம், ஐப்பசி மழையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்கு வீடு அதுதான் நடந்தது. தவசிமுத்து மகளின் முகத்தைத் துடைத்தான், பாயில் சுருட்டினான், பிறகு வழக்கம்போல எழுந்துபோய் மிஷன் பங்களாவில் துரையின் குதிரைக்குக் கொள்ளு வைத்தான். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று நின்று பார்த்தான். குதிரை தின்று முடித்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது அவன் பெண்டாட்டி மாடத்தி பாயின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சின்னவனப் போட்ட எடத்துல இவளப் போடக் கூடாது. சொல்லிட்டேன்."

"போட மாட்டேன்ட்டி" என்றான்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். மிஷன் கல்லறைத் தோட்டம் கண்மாய்க் கரையில் இருந்தது. நடுவே ஒரு மதில். மேட்டுப் பக்கம் வேதத்துக்கு வந்த உசந்த சாதிக்காரர்களுக்கு, பள்ளத்துப் பக்கம் தவசிமுத்துவின் ஆட்களுக்கு. கோவில் ஒன்று, வேதம் ஒன்று, சாமி ஒன்று. செத்தால் மட்டும் இரண்டு! இயேசுநாதரே அங்கே வந்து செத்தாலும் என்ன சாதி என்று விசாரித்துவிட்டுத்தான் குழி வெட்டச் சொல்லியிருப்பார்கள், வெட்கங்கெட்ட ஜனங்கள். கண்மாய் பெருகினால் பள்ளத்துப் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடும். கைக்குழந்தையாய்ப் போன மகனை அங்கேதான் வைத்தார்கள். அடுத்த மழைக்கு மண் கரைந்தது, நரி வந்தது. மாடத்தி போய்ப் பார்த்தபோது சுற்றிய துணி மட்டும் கிடந்தது. இப்போதும் கண்மாய் கரை தட்டி நின்றது.

தவசிமுத்து துரையிடம் போனான்.

ஊரில் அவருக்கு ஒத்தக்கைத் துரை என்று பெயர். அவருக்கும் அது தெரியும், கோபப்பட மாட்டார். அமெரிக்கா தேசத்துப் பாதிரியார். பஞ்ச காலத்தில் தன் கையாலேயே கஞ்சி ஊற்றிய நல்ல மனுஷன், அதையும் மறைக்கக் கூடாது. இன்னொரு கையை இளவயதில் தன் நாட்டுச் சண்டையில் கொடுத்துவிட்டார். கறுப்பு ஜனங்களை மாடு மாதிரி விற்றவர்களையும் வாங்கியவர்களையும் எதிர்த்து நடந்த சண்டை அது. அவருடைய அண்ணன் கறுப்புச் சிப்பாய்களுக்குத் தலைவனாய்ப் போய்ச் செத்தான். எதிரிகள், கேவலப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரனை அவனுடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் தள்ளி மூடினார்கள். பிற்பாடு, தோண்டி எடுத்துவரட்டுமா என்று கேட்டபோது அவன் தாய், "வேண்டாம், அதைவிட நல்ல இடம் என் மகனுக்குக் கிடைக்காது" என்றாளாம். வருஷத்துக்கு ஒரு தரம் துரை இதைப் பிரசங்கத்தில் சொல்லி அழுவார். சபையின் பெரிய மூப்பர் பண்ணையார் மாசிலாமணியும் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஊருக்குத்தானே உபதேசம்!

"துரை, பிள்ளைய மேட்டுப் பக்கம் வைக்க எடம் தாங்க. பள்ளம் முச்சூடும் தண்ணி கெடக்கு."

துரை மேஜையைப் பார்த்தார். "தவசிமுத்து, பரலோகத்தில் மதில் இல்லை. ஆனால் மூப்பர்கள் சபையை விட்டுப் போய்விடுவோம் என்கிறார்கள். பள்ளிக்கூடம் நின்றுபோகும். பொறுத்திரு. காலம் கனிய வேண்டும்."

"ஒங்க அண்ணனுக்கு மட்டும் ஒரே குழி, துரை."

"அது யுத்தம், தவசிமுத்து."

"அப்ப இது என்னது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! யாருக்கும் கோபம் வருகிற இடம்தான். தவசிமுத்துவுக்கு அதுவும் வரவில்லை. உடம்பு பூராவும் மரத்துக் கிடந்தது.

அந்நேரம் வாசலில் வண்டி வந்து நின்றது. பண்ணையார் வீட்டு வண்டிக்காரன் இருளப்பசாமி இறங்காமலே சத்தம் போட்டான். "துரை, பண்ணையாரும் போயிட்டாக. அதே வாந்திபேதிதான். வெரசா எடுக்கணும்ங்காக."

துரை தவசிமுத்துவின் பக்கம் திரும்பினார். கேட்கவே அவருக்கு வெட்கமாயிருந்தது. "குழி..." என்றார்.

குழி வெட்டுவது எப்போதும் தவசிமுத்துவின் ஆட்கள்தான். மேட்டுப் பக்கம் அவர்கள் மண்வெட்டியோடு தாராளமாக நுழையலாம். பிணத்தோடுதான் நுழையக் கூடாது.

"வெட்டுதேன், துரை."

உச்சி வெயில். நோய்க்குப் பயந்து கல்லறைப் பக்கம் ஈ காக்கை இல்லை. மேட்டு மண் மழையில் இளகியிருந்தது, வெட்ட வெட்ட வந்தது. நெஞ்சளவு வெட்டினால் போதும். நெஞ்சளவு வந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை. தலை மறைகிறவரை வெட்டினான். அப்புறம்தான் தான் என்ன செய்யப் போகிறோம் என்பது அவனுக்கே புரிந்தது. மேலே ஏறி வீட்டுக்குப் போய்ப் பாயைத் தூக்கினான்.

"எங்க?" என்றாள் மாடத்தி.

"மேட்டுலதான்."

சாவுக்குப் பின்னால் பெண்கள் கல்லறைவரை வருகிற வழக்கம் இல்லை. அவள் வாசலில் நின்றுகொண்டாள்.

மகளைக் குழியின் அடியில் கிடத்தி மண்ணைத் தள்ளினான். மிதித்து இறுக்க வேண்டும். மிதிக்க மனசு வரவில்லை. முழங்காலிட்டு உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தான். முடித்து நின்றபோது குழி எல்லாக் குழிகளையும் போல நெஞ்சளவு இருந்தது.

சாயங்காலத்துக்குள் பண்ணையாரின் பெட்டி வந்தது. அவருடைய பிள்ளைகள் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு கல்லறை வாசலோடு நின்றார்கள். தவசிமுத்துவும் வண்டிக்காரனும்தான் பெட்டியை இறக்கினார்கள். துரை ஜெபம் வாசித்தார். எல்லோரும் போன பிறகு துரை மட்டும் நின்றார்.

"உன் மகள்?"

"வச்சாச்சு, துரை."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. ஜெபம் செய்திருப்பேன்."

"செஞ்சீகளே, துரை. இப்பத்தான்."

துரை மூடின குழியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தொப்பியை வைத்துக்கொண்டு நடந்துபோனார்.

வீட்டில் மாடத்தி விளக்குக்கூட ஏற்றாமல் இருந்தாள்.

"தண்ணி வராதே?"

"வராது. நரியும் தோண்டாது. அம்புட்டு ஆழம்."

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னான். துரையின் அண்ணனைப் போலவே ஒரே குழி, மதிலை வைத்துக்கொண்டே மதிலை ஒன்றுமில்லாமல் ஆக்கியாயிற்று என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

"மேல யாரு?" என்றாள் மாடத்தி.

"என்னட்டி?"

"அந்தக் குழியில மேல யாரு, அடியில யாரு?"

"பண்ணையாருதான் மேல" என்றான் தவசிமுத்து.

"செத்த பொறவும் எம்பிள்ளதான் அவியளச் சுமக்கணுமா?"